ஒரு நாள் போதாது என்பவர்களுக்கு

"பஸ்ஸில் ஏற்றினார்கள், ஒருவர் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார், நீங்கள் பின்னாலேயே போய் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தீர்கள். இதற்குப் பெயர் பயணமா?"

மிலானிலிருந்து கோமோ ஏரிக்கரை ஊர்களுக்கு அம்மாவோடு ஒரே நாளில் போய்வந்ததைச் சொன்னபோது நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டது இது. பயண நூல்களைத் தேடித் தேடிப் படிப்பவர் அவர். என்னைப் புண்படுத்த நினைத்துக் கேட்கவில்லை. இன்று எல்லோரும் நம்புவதைத்தான் அவரும் சொன்னார். வழிகாட்டியோடு போவது சுற்றுலா, தனியே போவது பயணம். பகலில் வந்து பகலிலேயே திரும்பினால் அது நுனிப்புல் மேய்ச்சல். மூன்று இரவாவது தங்க வேண்டும், உள்ளூர்க்காரர்களைப் போல் வாழ்ந்து பார்க்க வேண்டும். பயணக் கட்டுரைகளிலும் யூடியூப் காணொளிகளிலும் இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு, பலருக்கு இது விவாதத்துக்கே இடமில்லாத உண்மையாகிவிட்டது.

எனக்கு இதில் உடன்பாடில்லை. கோமோ ஏரியை இரண்டு விதமாகவும் பார்த்தவன் நான். அம்மாவோடு, பதினேழு பேர் கொண்ட குழுவில், வழிகாட்டியுடன் ஒரு பகல். மறு ஆண்டு, நண்பரின் அறிவுரையை ஏற்று, தனியாக இரண்டு இரவு. ஏரியை எனக்கு அறியவைத்தது அந்த ஒரு பகல்தான்.

எங்கள் வழிகாட்டி லெக்கோவில் பிறந்து வளர்ந்த பெண்மணி. ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். கோமோ ஊரில் இறங்கியதும் எங்களை எந்தக் கட்டடத்துக்கும் அழைத்துப் போகவில்லை. கரையில் நிறுத்தி, இரண்டு விரல்களைக் கீழ்நோக்கிப் பிரித்துக் காட்டினார். கவட்டையைத் தலைகீழாகப் பிடித்ததுபோல் இருக்கிறது இந்த ஏரி. மேலே காம்பு, கீழே இரண்டு கிளைகள். ஒரு கிளையின் நுனியில் கோமோ, இன்னொன்றின் நுனியில் லெக்கோ, இரண்டும் பிரிகிற இடுக்கில் பெல்லாஜோ. அத்தா ஆறு வடக்கே ஏரிக்குள் நுழைந்து லெக்கோ வழியாக வெளியேறிவிடுகிறது. கோமோ பக்கம் வருகிற தண்ணீருக்கு வடிகாலே கிடையாது. அதனால்தான் மழை பெருகினால் கரையோரச் சதுக்கமான பியாட்சா காவூரில் தண்ணீர் ஏறுகிறது.

பிறகு பேராலயத்தின் வடக்கு வாசலுக்குக் கூட்டிப்போனார். கல்லில் செதுக்கிய சிறு தவளை ஒன்று அங்கே இருக்கிறது. தலை உடைந்து, ஆண்டாண்டாகக் கைபட்டு வழுவழுத்துப் போன தவளை. பழைய வெள்ளம் ஒன்று எவ்வளவு உயரம் ஏறியது என்பதற்கு அது அடையாளம் என்பது ஊர் வழக்கு. தண்ணீர் வந்தது உண்மை, தவளைக் கதை மக்கள் சொல்வது என்று இரண்டையும் கலக்காமல் பிரித்துச் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. தவளை இருந்த இடத்தையும் ஏரி இருந்த திசையையும் அம்மா மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குள் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. நுனிப்புல் என்று எதைச் சொல்கிறோம்? வேர்வரை போகாத பார்வையை. ஓர் ஏரியின் வேர், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. அதை முதல் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்ட பெண்மணியை மனப்பாடம் ஒப்பிப்பவர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அதே பேராலயத்தின் முகப்பில் பிளினிகள் இருவரும் அமர்ந்திருக்கிறார்கள். பெரியவர் கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். சிறியவர் அவருடைய மருமகன், கடிதங்களுக்காகப் பெயர்பெற்றவர். கிறிஸ்தவர்களே அல்லாத இரண்டு ரோமானியர்களுக்குக் கிறிஸ்தவப் பேராலய வாசலில் இடம் கிடைத்தது அவர்கள் மண்ணின் மைந்தர்கள் என்பதால்தான். இந்த ஏரிக்கரையில் தனக்கிருந்த இரண்டு வீடுகளைப் பற்றிச் சிறிய பிளினி எழுதியிருக்கிறார். ஒன்று பாறை மேல் உயரத்தில் நின்றது. துன்பியல் நாடக நடிகர்கள் அணியும் உயரமான காலணியில் ஏறி நிற்பதுபோல் இருந்ததால் அதற்குத் துன்பியல் என்று பெயர். தண்ணீரைத் தொட்டபடி தாழ்ந்திருந்த மற்றதற்கு இன்பியல் என்று பெயர். படகில் போகும்போது கரையைக் காட்டி வழிகாட்டி இதைச் சொன்னார். அதற்குப் பிறகு கண்ணில் பட்ட ஒவ்வொரு மாளிகையையும் இது எந்த வகை என்று நாங்களே பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டோம். குழுவில் இருந்த ஒரு சிறுவன் கரை நெடுக எண்ணிக்கொண்டே வந்தான்.

"இதையெல்லாம் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாமே" என்பார்கள். படிக்கலாம். புத்தகம் நம் கேள்விக்குப் பதில் சொல்லாது. அம்மா பிறந்தது காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில். கோமோ பட்டுக்குப் பெயர்போன ஊர் என்று கேட்டதும், ஒரு கடையின் முன்னால் நின்று, "இவங்களுக்குக் கோரா எங்கேருந்து வருது?" என்றார். கோரா என்றால் கச்சாப் பட்டு நூல். நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். வழிகாட்டியின் முகம் மலர்ந்ததை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு காலத்தில் இந்த மலைச்சரிவுகளில் வீட்டுக்கு வீடு புழு வளர்த்தார்கள், பெண்கள் முட்டைகளைத் துணியில் முடிந்து உடம்புச் சூட்டில் வைத்துப் பொரிக்கவைப்பார்கள், அதெல்லாம் போய்விட்டது, இன்று நூல் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது, சாயமேற்றுவதும் அச்சிடுவதும் இறுதி மெருகும்தான் இங்கே நடக்கின்றன என்றார். "எங்க ஊர்லயும் நூல் வெளியேருந்துதான் வருது" என்றார் அம்மா. இரண்டு பெண்களும் ஒரே தொழிலின் இரு முனைகளில் நின்று பேசியது அந்த ஐந்து நிமிடம். தனியே போயிருந்தால் அந்தக் கடையைக் கடந்து போயிருப்போம்.

இத்தாலியில் வழிகாட்டியாவது அவ்வளவு எளிதல்ல. உரிமம் வேண்டும், தேர்வு எழுத வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு, ஒரே பதிவேடு என்று 2023ஆம் ஆண்டின் கடைசியில் சட்டமே கொண்டுவந்தார்கள். வரலாறு, கலை, நிலவியல் எல்லாம் படித்து, நாள் முழுக்க வெயிலில் நின்று பேசுகிற ஒரு தொழிலைக் கொடிபிடிப்பு என்று சுருக்குவதை நான் அறியாமை என்று மட்டும் சொல்லமாட்டேன். உழைப்பை இழிவுபடுத்தும் பேச்சு அது. பெல்லாஜோவில் குன்றின் மேல் இருக்கும் வில்லா செர்பெல்லோனி 1959 முதல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. அதன் தோட்டத்துக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். தனியாக அலைவதே உயர்ந்தது என்பவர்கள் அந்த வாசலோடு திரும்பிவிட வேண்டியதுதான்.

இந்த ஏளனம் புதிதும் அல்ல. 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் ஏறத்தாழ ஐந்நூறு பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் அழைத்துப்போனார். பதினோரு மைல் தூரம், ஆளுக்கு ஒரு ஷில்லிங், மதுவிலக்குக் கூட்டத்துக்காக. காலையில் போய் மாலையில் திரும்பினார்கள். இன்று நாம் திட்டுகிற அதே ஒரு நாள் சுற்றுலாதான் நவீனச் சுற்றுலாவின் தொடக்கம். அதுவரை இத்தாலியைப் பார்ப்பது மாதக்கணக்கில் வண்டியும் வேலையாளும் வைத்துக்கொள்ள முடிந்த பிரபுக்களின் பிள்ளைகளுக்கே வாய்த்தது. குக் 1864இல் சாதாரண ஆசிரியர்களையும் எழுத்தர்களையும் இத்தாலிக்குக் கூட்டிவந்தபோது, அங்கே பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த நாவலாசிரியர் சார்ல்ஸ் லீவர் பொறுக்கமாட்டாமல், அடுத்த ஆண்டே ஒரு பத்திரிகையில் அவர்களை மந்தையோடு ஒப்பிட்டு எழுதினார். ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த கைதிகளை இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள் என்று ஒரு பொய்க்கதையையும் கட்டிவிட்டார். நூற்று அறுபது ஆண்டுகள் கழித்து நாம் பேசுவது லீவரின் பேச்சு. ஒரு காலத்தில் பிரபுக்கள் நம்மைப் போன்றவர்களை இடத்தைவிட்டு விலக்கச் சொன்ன சொற்களை, இன்று நாமே நம் அம்மாக்களைப் பார்த்துச் சொல்கிறோம்.

ஏரியின் கதையும் அதுதான். இங்கே நீராவிப் படகு ஓடத் தொடங்கியது 1826இல். கரை ஊர்கள் அன்றிலிருந்தே படகு கொண்டுவந்து இறக்கும் மனிதர்களைப் பார்த்துத் தங்களை அமைத்துக்கொண்டவை. பழைய மாளிகைகளின் முகமும் படித்துறையும் தண்ணீரைப் பார்த்தபடி இருக்கின்றன. ஓடும் படகிலிருந்து பார்ப்பதே அவற்றை நேருக்கு நேர் பார்ப்பது. கரையில் மூன்று நாள் நடந்தாலும் பல இடங்களில் மதிலின் முதுகுதான் கிடைக்கும்.

"உள்ளூர்க்காரரைப் போல்" என்கிற சொல்லையும் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம். மிலான் மத்திய ரயில் நிலையத்திலிருந்து ஏரிக்கரை ஊரான வரென்னாவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வரென்னாவிலிருந்து பெல்லாஜோவுக்குப் படகில் கால் மணி நேரம். மிலான்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார்கள்? காலையில் ரயில் ஏறி வந்து, நடந்து, சாப்பிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புகிறார்கள். இப்படிப் போய்வருவதற்கு அவர்களிடம் 'ஜீத்தா' என்று ஒரு சொல்லே இருக்கிறது. கோமோ ஏரியை உள்ளூர்க்காரர்கள் அனுபவிப்பதே ஒரு நாளில்தான். வாடகை வீட்டில் மூன்று இரவு தங்குவது வெளிநாட்டவரின் பழக்கம்.

நானும் தங்கினேன். வரென்னாவில், சந்துக்குள் ஒரு வீடு. வீட்டுக்காரரை நான் பார்க்கவே இல்லை. கதவோரம் எண்பூட்டு போட்ட சிறு பெட்டியில் சாவி இருந்தது. அந்தச் சந்தில் அடுத்தடுத்த கதவுகளிலும் அதே பெட்டிகள். இரவில் கல்தரையில் பெட்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம். இரண்டு நாளில் நான் பேசிய உள்ளூர்க்காரர்கள் கடையில் காசு வாங்கியவரும் படகுத்துறையில் சீட்டுக் கொடுத்தவரும்தான். ஒரு குடும்பம் வாழ்ந்திருக்க வேண்டிய வீட்டில் நான் படுத்திருந்தேன் என்பது இரண்டாம் நாள் இரவு உறுத்தத் தொடங்கியது.

ஒரு நாள் சுற்றுலாக்காரர்கள்தான் சின்ன ஊர்களை அழிக்கிறார்கள் என்பவர்கள் இந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டும். கூட்டம் ஒரு தொல்லை என்பதை நான் மறைக்கவில்லை. ஆயிரம் பேர்கூட இல்லாத வரென்னாவில் கோடைப் பகலில் படகுத்துறையை நெருங்க முடியாது. ஆஸ்திரியாவில் எண்ணூறு பேர்கூட இல்லாத ஹால்ஷ்டாட் என்ற ஏரிக்கரை ஊரின் மக்கள் 2023 ஆகஸ்டில் சாலைக்கே வந்து போராடினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வெனிஸ் 2024 ஏப்ரலில் குறிப்பிட்ட நாள்களில் வருபவர்களுக்கு ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் விதித்தது. யாருக்கு? பகலில் வந்து திரும்புபவர்களுக்கு. இரவு தங்குபவர்களுக்கு விலக்கு. அதே வெனிஸின் பழைய நகரில் குடியிருப்பவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டார்கள். அங்கே வீடுகள் எதற்காகக் காலியாகின்றன? பகலில் வந்தவர் ரொட்டியும் காப்பியும் வாங்கினார், கால் வலிக்க நடந்தார், போய்விட்டார். அவருக்குப் படுக்கை தேவைப்படவில்லை. ஊர்க்காரரின் வீட்டு வாடகையை ஏற்றியது அவரல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு இதுதான் முக்கியமாகத் தோன்றுகிறது. ஒரு சிறிய ஊரால் எண்ணிக் கட்டுப்படுத்த முடிந்த சுற்றுலா, குழுச் சுற்றுலா மட்டும்தான். ஹால்ஷ்டாட் 2020இலிருந்து பேருந்துகளுக்கு முன்பதிவு நேரம் ஒதுக்கித் தருகிறது. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று சொல்லிவிட முடியும், கூட்டினாலும் குறைத்தாலும் ஊர் தீர்மானிக்கலாம். ஆளுக்கொரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தனித்தனியே வருகிற "சுதந்திரப் பயணி"களை எந்த ஊர்மன்றத்தால் எண்ண முடியும்? கோமோ ஏரியின் மேற்குக் கரையில் ரெஜினா சாலை இருக்கிறது. ரோமானியர் காலத்துப் பாதையின் தடம். சில இடங்களில் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடப்பதே சிரமம். அந்தச் சாலை அடைபடுவதற்குப் பதினேழு பேர் ஒரே படகில் போனதைக் குறை சொல்ல முடியாது.

யாருக்கு மூன்று இரவு கிடைக்கிறது என்பதையும் பேச வேண்டும். என் அம்மாவுக்கு ஷெங்கன் விசா வாங்கியபோது ஒவ்வோர் இரவும் எங்கே தங்குவார் என்று காட்டச் சொன்னார்கள். வங்கிக் கணக்கைக் காட்டச் சொன்னார்கள். என் அலுவலக விடுப்புக் கடிதத்தையும் கேட்டார்கள். மனம்போல அலைவது, பிடித்த ஊரில் கூடுதலாக இரண்டு நாள் தங்கிவிடுவது என்பதெல்லாம் வேறு நிறக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு எழுதப்பட்ட அறிவுரை. அம்மாவுக்கு அறுபத்தொன்பது வயது, முழங்கால் தேய்மானம், வேளைக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். பெல்லாஜோ முழுக்கப் படிக்கட்டுச் சந்துகள். எந்தச் சந்தில் ஏறினால் பாதியில் உட்கார இடமுண்டு, எந்த வழியில் படியே இல்லாமல் மெல்ட்ஸி தோட்டத்துக்குப் போகலாம் என்பதெல்லாம் வழிகாட்டிக்குத் தெரிந்திருந்தது. அவர் எங்களை ஏரியோர வழியாகவே நடத்திப்போனார். அந்தத் தோட்டத்தில் தண்ணீருக்கு மிக அருகே ஒரு கல்லிருக்கையில் அம்மா முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

மிலானில் முதியவர்களைப் பராமரித்தும் வீட்டு வேலை செய்தும் பிழைக்கிற இலங்கையர் ஏராளம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் பெரிது. "ஒரு நாளில் பார்ப்பதைவிடப் பார்க்காமல் இருப்பதே மேல்" என்று எழுதுகிறவர்கள், அவர்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வார்களா?

மோசமான ஒரு நாள் சுற்றுலாக்கள் இருக்கின்றன. கோமோ, பெல்லாஜோ, வரென்னா போதாதென்று எல்லை தாண்டி லுகானோவையும் சேர்த்துத் திணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது பேருக்கு ஒரு வழிகாட்டி, காதில் கருவி, கமிஷன் கடையில் ஒரு மணி நேரம், தோட்டத்தில் கால் மணி நேரம். அவர்களுக்காக நான் வாதாடவில்லை. கோபப்படவே செய்கிறேன், ஏனென்றால் ஒரு நாள் மட்டுமே உள்ளவரின் அந்த ஒரு நாளை அவர்கள் திருடுகிறார்கள். அதற்குத் தீர்வு குழுவைச் சிறிதாக்கச் சொல்வது, ஊர்களைக் குறைக்கச் சொல்வது, ஏரிக்கரையில் பிறந்த வழிகாட்டியைக் கேட்டு வாங்குவது. சமையல் சரியில்லை என்று சாப்பாட்டையே தடை செய்வதில்லையே.

வரென்னாவில் எங்களுக்கு மீதி இருந்தது இரண்டு மணி நேரம். பழைய கன்னியர் மடமாக இருந்து மாளிகையான வில்லா மொனாஸ்தேரோவுக்குப் போனோம். அங்கே 1953 முதல் இத்தாலிய இயற்பியல் கழகம் கோடைப்பள்ளி நடத்துகிறது. என்ரிக்கோ ஃபெர்மி 1954இல் வந்து பாடம் நடத்தினார். சில மாதங்களில் இறந்துபோனார். மின்கலத்தைத் தந்த வோல்ட்டா பிறந்த ஊர் கோமோ. அவர் இறந்த நூற்றாண்டு நினைவாக 1927இல் அங்கே கூடிய மாநாட்டில்தான் நீல்ஸ் போர் தம் நிரப்புமைக் கோட்பாட்டை முதன்முதலில் முன்வைத்தார். நம் நாட்டிலிருந்து மேக்நாத் சாகா போயிருந்தார். நான் படித்தது இயற்பியல். போரின் பெயரையும் சாகாவின் சமன்பாட்டையும் தேர்வுக்காக உருப்போட்டவன். அவர்கள் கூடிய ஊரைக் காலையில்தான் கடந்துவந்திருந்தேன் என்பது அந்த மாலையில், எலுமிச்சை மரத்தடியில், ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஆண்டு தனியாகத் தங்கியபோது நான் கண்ட நல்லவை எல்லாம் அந்த வழிகாட்டி கொடுத்துவிட்டுப் போனவை. வரென்னாவுக்குத் தெற்கே ஃபியூமெலாத்தே என்று ஓர் ஆறு. நீளம் இருநூற்றைம்பது மீட்டர்தான், பால்போல் நுரைத்து விழும், குளிர்காலத்தில் வற்றிவிடும் என்று அவர் சொன்னது நினைவிருந்ததால் தேடிப்போய்ப் பார்த்தேன். காலையில் வடக்கிலிருந்து வீசும் காற்றுக்குத் திவானோ, பிற்பகலில் தெற்கிலிருந்து வருவதற்கு பிரேவா என்று பெயர். படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது நண்பகலுக்குப் பிறகு தண்ணீரின் சுருக்கம் திசை மாறியது. சொல் என்னிடம் இருந்ததால்தான் அது எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் வாரக்கணக்கில் தங்கியிருந்த ஒரு தம்பதி, வெயில் குறைந்துவிட்டது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அம்மா ஊருக்குத் திரும்பி இப்போது மூன்று ஆண்டுகள் ஆகின்றன. போன மழைக்காலத்தில் எதிர்வீட்டு அக்கா தெருவில் தேங்கிய தண்ணீரைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். திண்ணையிலிருந்த அம்மா இரண்டு விரல்களைக் கீழ்நோக்கிப் பிரித்துக் காட்டினார். "கோமோன்னு ஒரு ஊரு. ஏரி ரெண்டாப் பிரியுது. இந்தப் பக்கம் ஆறு வெளிய போயிடும். அந்தப் பக்கம் போன தண்ணிக்கு வழியே இல்ல. கோயில் வாசல்ல ஒரு தவளை செதுக்கி வச்சிருக்கான்..." அக்கா குடையை மடக்கிவிட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்தார்.